குடத்துக்குள் விளக்கு: அலுவலக அறிவும் மின்னஞ்சலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகங்களில் கையேடு, செய்முறைக் குறிப்பு, பழைய ஆவணம் இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தும் வேலையில் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். அப்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. மெயிலோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை. தினமும் அதில்தான் பிழைப்பு. ஆனால் அதன் தலையில் எல்லாவற்றையும் கட்டுகிறோம் என்பதுதான் என் புகார்.

எல்லாவற்றையும் மெயிலில் எழுதித்தானே வைக்கிறோம்? பிறகு அறிவு எங்கே தொலைகிறது?

தொலைவதில்லை. எங்கோ பத்திரமாக இருக்கிறது. ஆனால் இருக்கும் இடம் அடுத்தவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் திறக்க முடியாது. குடத்திலிட்ட விளக்கு என்பார்களே, அந்தக் கதை.

மெயில் என்பது கடிதம். கடிதம் என்றால் பெறுநர் வேண்டும். எழுதும் நேரத்தில் யார் யாருக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றுகிறதோ அவர்களுக்கு மட்டும் போகும். 'இந்தப் பிழைச் செய்தி வந்தால் என்ன செய்வது', 'இந்த ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் பில் ஏன் வேறு மாதிரி போகிறது' என்பது போன்ற விஷயம் யாருக்கு எப்போது தேவைப்படும் என்று எழுதும்போதே யாரால் சொல்ல முடியும்? எட்டு மாதம் கழித்து வேறொரு பிரிவில் இருப்பவருக்குத் தேவைப்படலாம். பல சமயம் தேவைப்படப்போகிறவர் இன்னும் வேலைக்கே சேர்ந்திருக்க மாட்டார். இனிமேல் வரப்போகிறவருக்கு மெயில் அனுப்ப வழி கிடையாது. கீழே எத்தனை குறைகளைச் சொன்னாலும் அவற்றில் பாதி இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான்.

மின்னஞ்சலை உருவாக்கியவர்கள் இதை யோசிக்கவில்லையா?

அவர்கள் தபாலுக்கு மாற்று செய்தார்கள், நூலகத்துக்கு அல்ல. 1971இல் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையில் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பியபோது, ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க @ குறியை எடுத்துக்கொண்டார். இன்ன கணினியில் இருக்கும் இன்னார் என்று பொருள். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற ஆவணம் மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் எஸ்எம்டிபி நெறிமுறையை வரையறுத்தது. அதன் உரையாடலைச் சுருக்கினால் மூன்று வரி: அனுப்புகிறவர் இவர், பெறுகிறவர்கள் இவர்கள், இதோ உள்ளடக்கம். பெறுகிற சர்வர் 'வாங்கிக்கொண்டேன்' என்று சொன்னதும் அனுப்பிய சர்வரின் பொறுப்பு முடிந்தது.

தபால்காரர் கடிதத்தைக் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போய்விடுவார். உள்ளே இருப்பவர் அதைப் பிரித்தாரா, எந்த அலமாரியில் வைத்தார், ஐந்து வருடம் கழித்து அதில் எழுதியிருந்தது இன்னும் உண்மையா என்பதெல்லாம் அவர் கவலை அல்ல. மெயிலும் அப்படியே. மெயிலில் நகல் பெறுபவர்களைக் குறிக்கும் 'சிசி' என்ற சொல்லே தட்டச்சுப் பொறியில் இரண்டு தாள்களுக்கு நடுவே செருகிய கார்பன் தாளிலிருந்து வந்ததுதான். கார்பன் தாள் நகலைப் பெருக்கும். அதற்குமேல் அது எதையும் செய்ததில்லை.

இப்போதுதான் எல்லா மெயிலிலும் தேடும் வசதி இருக்கிறதே?

இருக்கிறது. நன்றாகவும் வேலை செய்கிறது. ஆனால் உங்கள் பெட்டிக்குள் மட்டும். உங்களுக்கு வராத மெயிலை எந்தத் தேடலும் எடுத்துத் தராது. புதிதாகச் சேர்ந்தவரின் இன்பாக்ஸில் தேடினால் வரவேற்பு மடலும் பாஸ்வேர்டு மாற்றச் சொல்லும் மடலும்தான் கிடைக்கும். அறிவு மிக அதிகமாகத் தேவைப்படும் ஆளிடம்தான் பெட்டி காலியாக இருக்கிறது.

சரி, மெயில் உங்கள் பெட்டியில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தலைப்பில் 'Re: Re: அவசரம்' என்று இருக்கும். கேள்வி கேட்டவர் 'ரிப்போர்ட் வரவில்லை' என்று எழுதியிருப்பார், நீங்கள் 'அறிக்கை பிழை' என்று தேடுவீர்கள். பதில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டுக்குள் படமாக இருக்கும், தேடலுக்கு அகப்படாது. இன்னும் மோசம், பதில் இப்படி இருக்கும்: 'ஆமாம், போன தடவை செய்த மாதிரியே செய்துவிடுங்கள்.' போன தடவை என்ன செய்தார்கள் என்பது வேறொரு மெயிலில் இருக்கும், அல்லது போனில் பேசியிருப்பார்கள்.

கடைசியாக ஒரு சிக்கல், இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரே விஷயத்தைப் பற்றித் தேடலில் நான்கு மெயில்கள் வருகின்றன என்றால் எது இன்று செல்லும்? தேதியில் புதியதை எடுப்பது இயல்பு. ஆனால் புதிய மெயில் ஒரு விதிவிலக்கைப் பற்றியதாக இருக்கலாம், பழையதுதான் பொது விதியாக இருக்கலாம். பழைய மெயில் 'நான் ரத்தாகிவிட்டேன்' என்று தானாகச் சொல்லாது. அனுப்பிய மெயிலைத் திருத்தவும் முடியாது. திருத்தம் என்று இன்னொரு மெயில்தான் அனுப்ப முடியும். அது முதல் மெயிலைப் பெற்ற எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததா என்பது இன்னொரு கேள்வி. ஃபார்வர்டு ஆகிப் போனவர்களுக்குப் போயிருக்காது.

விஷயம் தெரிந்தவர் வேலையை விட்டுப் போனால் அவருடைய மெயில்கள் என்ன ஆகும்?

பெரும்பாலான நிறுவனங்களில் கணக்கு முடக்கப்படும். சில வாரமோ சில மாதமோ மேலாளருக்கு அதைத் திறக்க அனுமதி கிடைக்கும், பிறகு விதிப்படி அழிக்கப்படும் அல்லது காப்பகத்துக்குப் போகும். காப்பகத்தைத் திறக்க ஐடி துறைக்கு விண்ணப்பம், சட்டத் துறையின் ஒப்புதல் என்று படியேற வேண்டும். அதில் நியாயமும் இருக்கிறது. ஒருவரின் பெட்டியில் அவருடைய சம்பளப் பேச்சும் மருத்துவ விடுப்புக் கடிதமும் கலந்துதான் கிடக்கும். 'அறிவு வேண்டும்' என்று சொல்லி அதை எல்லாருக்கும் திறந்துவிட முடியாது. அறிவும் அந்தரங்கமும் ஒரே பெட்டியில் பிரிக்க முடியாமல் கிடப்பதே மெயிலின் குறைதான்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மாதக் கடைசியில் ஓர் அறிக்கை ஓட்ட வேண்டும். அதை ஆறு வருடமாக ஒருவரே ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் விலகினார். நல்ல மனிதர், போகும்போது நீளமான மெயில் ஒன்று எழுதி எல்லாவற்றையும் விளக்கிவிட்டுத்தான் போனார். பொறுப்பை ஏற்கப்போகிறவருக்கு அதை அனுப்பினார். அந்தப் புதியவர் நான்கே மாதத்தில் வேறு பிரிவுக்கு மாறிவிட்டார். அவர் அந்த மெயிலை அடுத்தவருக்கு ஃபார்வர்டு செய்தார், ஆனால் இணைப்பில் இருந்த கோப்பு விடுபட்டுப்போயிற்று. மூன்றாவது ஆள் கையில் 'இணைப்பில் உள்ளபடி செய்யவும்' என்ற வரி மட்டும் மிஞ்சியது. முதல் ஆளின் கணக்கு அதற்குள் அழிக்கப்பட்டிருந்தது. அந்த அறிக்கை எப்படித் தயாராகிறது என்பதை இரண்டு பேர் மூன்று வாரம் உட்கார்ந்து பின்னாலிருந்து முன்னாலாகக் கண்டுபிடித்தார்கள். யார் மேலும் தப்பில்லை. எல்லாரும் எழுதியிருந்தார்கள், எல்லாரும் அனுப்பியிருந்தார்கள்.

அப்படியானால் எல்லாரையும் சிசியில் போட்டுவிடலாமே?

அதையும் செய்து பார்த்துவிட்டோம். இருபது பேரைச் சிசியில் போட்ட மெயிலை ஒவ்வொருவரும் 'மற்ற பத்தொன்பது பேரில் யாராவது படிப்பார்கள்' என்று நினைத்து ஒதுக்குவார்கள். சிசியில் வருபவற்றைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளும் விதியைப் பலர் போட்டிருக்கிறார்கள். உங்கள் அறிவுப் பகிர்வு நேராக அந்தக் கிணற்றுக்குள் போய் விழும்.

பெறுநர் பட்டியல் பெரிதானால் என்ன ஆகும் என்பதற்குத் தொழில்நுட்ப உலகில் பிரபலமான உதாரணம் 1997 அக்டோபரில் மைக்ரோசாஃப்டில் நடந்தது. 'பெட்லாம் டிஎல்3' என்ற உள் மெயில் பட்டியலில் சுமார் 13,000 பேர் இருந்தார்கள். ஒருவர் 'நான் ஏன் இதில் இருக்கிறேன், என்னை நீக்குங்கள்' என்று பட்டியலுக்கே எழுத, 'என்னையும்', 'என்னையும்' என்று பதில்கள் கிளம்பின. 'ரிப்ளை ஆல் போடாதீர்கள்' என்று அறிவுரை சொன்னவர்களும் ரிப்ளை ஆல் போட்டே சொன்னார்கள். சுமார் ஒன்றரைக் கோடி மடல்கள் உருவாகி சர்வர்கள் திணறின. மென்பொருள் தெரியாத ஆட்கள் அல்ல, மெயில் சர்வரையே தயாரித்து விற்கும் நிறுவனத்தின் ஆட்கள்.

ஒரே த்ரெடில், அதாவது ஒரே மெயில் தொடரில், பேசினால் எல்லாம் ஒழுங்காகத்தானே இருக்கும்?

நேர்கோடாகப் போகும்வரை இருக்கும். ஒவ்வொரு மெயிலுக்கும் மறைவான அடையாள எண் ஒன்று உண்டு. பதில் எழுதும்போது மென்பொருள் அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்கிறது. அதை வைத்துத்தான் த்ரெட் கட்டப்படுகிறது. ஒரே மெயிலுக்கு மூன்று பேர் தனித்தனியே பதில் எழுதினால் மூன்று கிளை. ஒருவர் ரிப்ளை ஆல் போட மறந்தால் நான்காவது கிளை இருவருக்கு மட்டும் தெரிந்ததாகிவிடும். முடிவு பெரும்பாலும் அந்த நான்காவது கிளையில்தான் நடந்திருக்கும் என்பது என் அனுபவம். மற்றவர்கள் முடிவே ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. புது விஷயம் பேச வேண்டும், முகவரிகளைத் தட்டச்சு செய்யச் சோம்பல், ஏதோ ஒரு பழைய மெயிலுக்கு ரிப்ளை போட்டு அதில் எழுதுவது. 'விடுமுறைப் பட்டியல்' என்ற தலைப்பின் கீழே சர்வர் மாற்றத் திட்டம் கிடக்கும்.

அட்டாச்மென்டில் என்ன சிக்கல்?

மெயில் முதலில் வெறும் எழுத்துக்கு மட்டும் அமைந்தது. 1992இல் நத்தானியல் போரென்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் வகுத்த மைம் என்ற தரம்தான் படம், ஆவணம் எல்லாவற்றையும் எழுத்தாக மாற்றி அதே குழாயில் அனுப்ப வழிசெய்தது. வழக்கமான பேஸ்64 முறையில் மூன்று பைட் நான்கு எழுத்தாகிறது, அதாவது கோப்பு மூன்றில் ஒரு பங்கு ஊதிப்போகிறது. 'இருபது எம்பிதானே, ஏன் போகவில்லை' என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான்.

அளவு சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினை, அட்டாச்மென்ட் அனுப்பிய நொடியிலேயே கோப்பு பல கோப்புகளாகிவிடுகிறது. பன்னிரண்டு பேருக்கு அனுப்பினால் பன்னிரண்டு பேரும் பதிவிறக்கித் திருத்தத் தொடங்கலாம். 'இறுதி', 'இறுதி_2', 'இறுதி_இதுதான்', 'இறுதி_இதுதான்_திருத்தியது' என்று பெயர் வைத்த கோப்புகளைப் பார்த்திராதவர் அலுவலகத்தில் வேலை பார்த்திராதவராகத்தான் இருக்க வேண்டும்.

மெயிலில் இருந்தால் நாளைக்கு ஆதாரமாக இருக்கும் என்கிறார்களே?

உண்மை. யார், யாரிடம், எந்தத் தேதியில், என்ன சொன்னார் என்பதற்கு மெயிலைவிடச் சௌகரியமான சாட்சி குறைவு. என்ரான் என்ற எரிசக்தி நிறுவனம் விழுந்த பிறகு அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் விசாரணைக்காக எடுத்த மெயில்களை 2003இல் பொதுவில் வைத்தது. ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்தும் அந்தத் தொகுப்பில் சுமார் 150 பேரின் ஏறக்குறைய ஐந்து லட்சம் மடல்கள் உள்ளன.

ஆனால் ஆதாரம் வேறு, அறிவு வேறு. ஆதாரம் மாறக்கூடாது, மாறினால் அது ஆதாரமே இல்லை. அறிவு மாற வேண்டும். போன வருடச் செய்முறையை இன்றும் அப்படியே வைத்திருந்தால் அது இடைஞ்சல். மெயில் முதலாவதற்கு நன்றாக உதவுகிறது, அதே காரணத்தால் இரண்டாவதற்கு உதவாமல் போகிறது. 'மெயிலில் போட்டுவிட்டேன்' என்று சொல்பவரைக் கவனித்துப் பாருங்கள். பாதி நேரம் அவர் சொல்லவருவது 'நாளைக்கு என்னைக் கேட்க முடியாது' என்பதைத்தான்.

ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் எழுதிக்கொண்டே இருக்கிறேன். இது எனக்கு மட்டும்தானா?

இல்லை. எந்தக் குழுவிலும் விஷயம் தெரிந்த இரண்டு மூன்று பேருக்கு இதுதான் தலைவிதி. உங்கள் 'அனுப்பியவை' ஃபோல்டரில் ஒரு மாதத்தைப் பின்னோக்கிப் பாருங்கள். ஒரே பதிலைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று தெரியும். கேட்ட ஒவ்வொருவருக்கும் அது முதல் தடவை. உங்களுக்கு மட்டும்தான் அது பதினோராவது. இந்த உழைப்பு யார் கணக்கிலும் ஏறாது. மேலாளருக்குத் தெரியாது, கேட்டவர்களுக்கும் ஒருவரையொருவர் தெரியாது.

அலுப்பில் பதில்களும் சுருங்கும். முதலாமவருக்கு எச்சரிக்கையோடு முழு விளக்கம் போயிருக்கும். எட்டாமவருக்கு இரண்டு வரி. எட்டாமவர் அந்த எச்சரிக்கை தெரியாமல் செய்து மாட்டிக்கொள்வார். பிறகு 'உங்களைக் கேட்டுத்தானே செய்தேன்' என்பார். அவர் சொல்வதும் சரிதான்.

நேரம் எவ்வளவு போகிறது என்று யாராவது கணக்கிட்டிருக்கிறார்களா?

மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவான மெக்கின்சி குளோபல் இன்ஸ்டிட்யூட் 2012இல் வெளியிட்ட மதிப்பீடு அடிக்கடி காட்டப்படுகிறது. அறிவுசார் வேலை செய்பவர்களின் வார வேலை நேரத்தில் சுமார் 28 சதவீதம் மெயிலைப் படிக்கவும் பதில் எழுதவும் போகிறது, ஏறக்குறைய 20 சதவீதம் நிறுவனத்துக்குள் இருக்கும் தகவலையோ அது தெரிந்த ஆளையோ தேடுவதில் போகிறது என்று அது சொன்னது. பழைய கணக்கு, அதுவும் மதிப்பீடு, அதனால் எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது, இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது. வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் எழுதி அனுப்புகிறோம், பிறகு ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கத் தேடுகிறோம்.

எழுத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியுமா?

முடியாது, இது மெயிலின் குற்றம் மட்டுமல்ல. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவரிடம் 'எப்படி விழாமல் இருக்கிறீர்கள்' என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மைக்கேல் பொலானி என்ற வேதியியலாளர், பின்னாளில் தத்துவத்துக்குத் திரும்பியவர், இந்த வகை அறிவைப் பற்றி 1950, 60களில் விரிவாக எழுதினார். அலுவலகத்திலும் இது ஏராளம்: எந்த எண்ணைப் பார்த்ததும் சந்தேகம் வர வேண்டும், எந்த வாடிக்கையாளர் 'பரவாயில்லை' என்றால் பரவாயில்லை என்று அர்த்தமில்லை. பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க வேண்டும். மெயில் செய்யும் கெடுதல், 'எழுதி அனுப்பிவிட்டேன், இனி உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியதில்லை' என்ற நிம்மதியைத் தருவது.

தொனி இன்னொரு வம்பு. ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலான உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், தாங்கள் எழுதியது நையாண்டியா நேரான பேச்சா என்பதைப் படிப்பவர் ஏறக்குறைய 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார் என்று எழுதியவர்கள் நினைத்தார்கள். படித்தவர்கள் சரியாகச் சொன்னது சுமார் 56 சதவீதம். காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல். 'இதைக்கூடவா கேட்பது' என்று வேடிக்கையாக எழுதிய ஒரு வரி போதும், அந்த ஆள் அடுத்த தடவை கேட்கவே மாட்டார்.

பாதுகாப்பு?

சுருக்கமாகச் சொல்லலாம். முகவரியின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும் மென்பொருள் தானாக நிரப்பும் பெயர் தவறான ஆளாக இருக்கலாம். அனுப்பியபின் திரும்பப் பெறும் வசதி உங்கள் சர்வருக்கு வெளியே போனதில் செல்லாது. செய்முறையோடு சேர்த்துப் பாஸ்வேர்டையும் எழுதி அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த மெயில் ஃபார்வர்டு ஆகும்போது பாஸ்வேர்டும் கூடவே போகிறது.

சாட் செயலிக்கு மாறினால் இதெல்லாம் தீருமா?

ஒரு விஷயத்தில் முன்னேற்றம் உண்டு. பொதுச் சேனலில் பேசினால் பிறகு சேர்பவரும் பின்னோக்கிப் படிக்கலாம். மெயில் தராத ஒன்று அது. ஆனால் நடப்பில் பாதிப் பேச்சு தனி அரட்டைக்குப் போய்விடுகிறது. மிஞ்சியது 'ஓகே', கட்டைவிரல் படம், 'போனில் வருகிறேன்' ஆகியவற்றுக்கு நடுவே சிதறிக் கிடக்கும். மெயிலுக்காவது தலைப்பு என்று ஒன்று இருந்தது. சாட்டில் அதுவும் இல்லை. கடிதப் பெட்டியை விட்டுத் திண்ணைப் பேச்சுக்குப் போயிருக்கிறோம். பேச்சு நல்லதுதான், ஆனால் திண்ணையில் பேசியதை யாராவது ஒருவர் எழுதி வைத்தால்தான் உண்டு.

ஏஐ கருவி இன்பாக்ஸ் முழுவதையும் படித்துப் பதில் சொல்லிவிடுமே, இனி எதற்குத் தனியாக எழுதுவது?

தேடும் சிரமம் குறைகிறது, மறுக்கவில்லை. 'ரிப்போர்ட்' என்றும் 'அறிக்கை' என்றும் எழுதியதை ஒன்றாகப் புரிந்துகொள்ளும். ஆனால் அதன் கண்ணும் உங்கள் அனுமதி எட்டும் தூரம்வரைதான் எட்டும். அழிக்கப்பட்ட கணக்கை அது படிக்காது. ரத்து முடிவு போனில் சொல்லப்பட்டிருந்தால் அதற்குத் தெரியாது. நான்கு முரணான மெயில்களைக் கொடுத்தால் சரளமான ஒரே பதிலாகக் கோத்துத் தரும். முன்பு நான்கு மெயில்களையும் பார்த்து 'ஏதோ இடிக்கிறதே' என்று நீங்கள் நின்றிருப்பீர்கள். இப்போது இடிப்பது தெரியாமலே போய்விடும். திருத்திப் பராமரிக்கப்பட்ட பத்துப் பக்கங்களைக் கொடுத்தால் இதே கருவி பிரமாதமாக உதவுகிறது.

மெயில் வழியாகவே அறிவை நன்றாகப் பகிர்ந்துகொள்கிறவர்கள் இல்லவே இல்லையா?

இருக்கிறார்கள், என் வாதத்துக்கு அவர்கள்தான் நல்ல பரிசோதனை. 1991இல் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், அதாவது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி, உலகின் மிகப் பெரிய மென்பொருள் திட்டங்களில் ஒன்று. அதன் மாற்றங்கள் இன்றும் பெருமளவு மெயிலாகத்தான் அனுப்பப்படுகின்றன, மெயிலிலேயே அலசப்படுகின்றன. அங்கே ஏன் அறிவு கிணற்றில் விழவில்லை?

அந்த மடல்கள் தனிப் பெட்டிக்குள் அடைபடுவதில்லை. யாரும் படிக்கக்கூடிய பொதுக் காப்பகத்தில் சேர்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நிலையான இணைய முகவரி உண்டு. தலைப்பு எப்படி எழுத வேண்டும், மேற்கோளுக்குக் கீழே எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதில் கறார் விதிகள் இருக்கின்றன. மீறினால் யாராவது சுட்டிக்காட்டுவார்கள். எல்லாவற்றுக்கும் மேல், பேசி முடித்த முடிவு மெயிலிலேயே நின்றுவிடுவதில்லை. மாற்றத்தோடு சேர்த்து 'ஏன் இதைச் செய்தோம்' என்ற விளக்கமும் நிரல் வரலாற்றில் பதிவாகிறது, பல சமயம் அந்த விவாதத்தின் இணைப்பு முகவரியோடு. ஆவணங்களும் நிரலோடு ஒரே மரத்தில் வளர்கின்றன. அதாவது அவர்கள் மெயிலைப் பேச்சுக்கு வைத்துக்கொண்டு, பேச்சின் விளைச்சலை வேறிடத்தில் அறுவடை செய்கிறார்கள். சாதாரண அலுவலகத்தில் விதைப்பு மட்டும்தான் நடக்கிறது.

அப்படியானால் மெயிலையே நிறுத்திவிட்டால் என்ன?

முயன்றவர்கள் உண்டு. பிரான்ஸைச் சேர்ந்த அட்டோஸ் என்ற தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் அப்போதைய தலைவர் தியரி பிரெட்டன் 2011இல், மூன்று வருடத்தில் உள்மெயிலைப் பூஜ்யம் ஆக்குவோம் என்று அறிவித்தார். கணிசமாகக் குறைத்தார்கள், பூஜ்யம் வரவில்லை. எனக்கு அதில் வியப்பில்லை. வெளியாட்களோடு பேச, முறையான அறிவிப்பு கொடுக்க, ஒருவரிடம் தனியாக ஒன்றைச் சொல்ல மெயிலுக்கு ஈடாக இன்னும் ஒன்று வரவில்லை. எந்த நிறுவனத்தின் மென்பொருளிலிருந்தும் எந்த நிறுவனத்தின் மென்பொருளுக்கும் போகிறதே, அது சின்ன விஷயமா?

பிறகு எங்கே எழுதி வைப்பது?

ஒரு விஷயத்துக்கு ஒரு பக்கம், அந்தப் பக்கத்துக்கு மாறாத முகவரி, படிப்பவர் திருத்தும் வசதி, திருத்தியது யார் என்ற வரலாறு. இந்த நான்கும் உள்ள எதுவும் போதும். விக்கி என்பது படிப்பவரே திருத்தக்கூடிய வலைத்தளம்; வார்ட் கன்னிங்ஹாம் என்ற நிரலாளர் 1995 மார்ச்சில் தொடங்கிய முதல் விக்கியிலேயே பக்கமும் திருத்தமும் இருந்தன. ஹவாய் மொழியில் 'விக்கி விக்கி' என்றால் சீக்கிரம். ஹொனலூலு விமான நிலையப் பேருந்தின் பெயரைப் பார்த்துத்தான் அவர் அந்தப் பெயரை வைத்தார். பழுது, கோரிக்கை போன்றவற்றுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துப் பின்தொடரும் டிக்கெட் முறை நன்றாகப் பொருந்தும். எந்தக் கருவி என்று மாதக்கணக்கில் கூட்டம் போடுவது, எழுதாமல் இருப்பதற்கான கௌரவமான சாக்கு.

விக்கி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவும் மாட்டேன். கவனிப்பாரற்ற விக்கி மெயிலைவிட ஆபத்து. மெயிலில் தேதி தலையிலேயே இருக்கிறது, பழசு என்று தெரிந்துவிடும். விக்கிப் பக்கம் எப்போதும் புதுசு போலவே காட்சி தரும். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் பொறுப்பாளர் பெயரும், கடைசியாகச் சரிபார்த்த தேதியும் இருக்க வேண்டும். பொறுப்பாளர் விலகினால் அந்தப் பெயரை மாற்றுவது விடைபெறும் சடங்கின் பகுதியாக இருக்க வேண்டும்.

எங்கள் ஆட்கள் எழுத மாட்டேன் என்கிறார்களே?

சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. 'எனக்கு மட்டும் தெரியும்' என்பதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டால் தன் மதிப்பு குறையும் என்ற பயம் சில இடங்களில் நியாயமானதும்கூட. அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது மேலாளர், மென்பொருள் அல்ல.

மற்றபடி, தெரிந்தவரை எழுதச் சொல்லாதீர்கள். தெரியாதவரை எழுதச் சொல்லுங்கள். புதிதாக வந்தவர் கேட்டுக் கற்றுக்கொண்டதைத் தானே எழுதட்டும், தெரிந்தவர் படித்துத் திருத்தட்டும். வல்லுநருக்கு எது சொல்லப்பட வேண்டியது என்பதே மறந்துபோயிருக்கும். புதியவருக்குத்தான் எந்தக் கல்லில் கால் இடறியது என்று நினைவிருக்கும். நான் பார்த்தவற்றில் மிக உபயோகமான குறிப்புகள் பல, சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாதவர்கள் எழுதியவை.

பத்து வருட மெயில் குவிந்து கிடக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

குவியலைத் தொடாதீர்கள். பழைய மெயில்களை எல்லாம் விக்கிக்கு மாற்றும் திட்டங்கள் இரண்டைப் பார்த்திருக்கிறேன், இரண்டும் பாதியில் நின்றன. அதில் பெரும்பகுதி இனி யாருக்கும் வேண்டாத விஷயம்.

இன்று வரும் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். ஒரு கேள்வி இரண்டாம் தடவை வந்தால், பதிலை மெயிலில் எழுதாமல் அதற்கென ஒரு விக்கிப் பக்கத்தில் எழுதி, மெயிலில் அதன் முகவரியை மட்டும் அனுப்புங்கள். கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும். கேட்டவருக்கு 'என்ன இது, கேட்டால் லிங்க் அனுப்புகிறார்' என்று முதலில் சுருக்கென்று இருக்கலாம். 'இதில் புரியாதது இருந்தால் சொல்லுங்கள், பக்கத்தைத் திருத்துகிறேன்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். விடைபெறப் போகிறவர் இருந்தால் மட்டும் வரிசையை மாற்றுங்கள். அவருடைய 'அனுப்பியவை' ஃபோல்டரை அவரோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் புரட்டுங்கள், அவர் கணக்கு உயிரோடு இருக்கும்போதே.

மெயிலில்தான் எழுதியாக வேண்டும் என்றால்?

தலைப்பில் விஷயத்தை எழுதுங்கள்: 'அவசரம்' என்று அல்ல, 'மாத அறிக்கை: ஓட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய இரண்டு மாற்றங்கள்' என்று. ஒரு மெயிலில் ஒரு விஷயம். 'மேலே சொன்னபடி', 'போன தடவை போல' வேண்டாம். எதைச் சொல்கிறீர்களோ அதையே மறுபடி எழுதுங்கள். நீண்ட த்ரெட் முடிவுக்கு வந்ததும் யாராவது ஒருவர், பெரும்பாலும் அது நீங்களாகத்தான் இருக்கும், முடிவு என்ன, காரணம் என்ன, யார் எப்போது செய்கிறார் என்று நான்கு வரி எழுதுங்கள். அந்த நான்கு வரியை அப்படியே எடுத்து அந்த விஷயத்துக்கான விக்கிப் பக்கத்தில் ஒட்டிவிடலாம்.